பையில் பியூஸ், கேட்டில் வெளிச்சம்

சென்ற மாதம் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. நான் ஓய்வுபெற்றபின் என் கதிரையில் உட்கார்ந்திருக்கும் மின் அத்தியட்சகர் பேசினார். நல்ல மனிதர், வேலையில் கெட்டிக்காரர்.

"சார், இப்ப பரிசோதிக்க வாரத்துக்கு நாலஞ்சு வீடு வருது. சோலார் வச்ச எல்லாருமே பெட்டரி சேர்க்கிறாங்க. நேத்து பிலிமத்தலாவையில ஒரு வீடு பார்த்தேன். மெயினை இறக்கிப் பார்த்தோம், பெட்டரியில வீடு பூரா லைட் எரிஞ்சிச்சு. கையெழுத்துப் போட்டுறலாம்தானே?"

"போடாதீங்க!" என்று கத்திவிட்டேன். அடுப்படியிலிருந்து மனைவி கரண்டியோடு ஓடி வந்து என்னவோ ஏதோவென்று பார்த்தாள். மறுமுனையில் இருந்தவர் பாவம், நல்ல செய்தி சொல்வதாக நினைத்துக்கொண்டிருந்தார். 'மெயினை இறக்கிப் பார்த்தோம்' என்ற வார்த்தை என் காதில் எப்படி விழுகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அன்று அரைகுறையாக ஏதோ விளக்கினேன். முழுவதையும் இங்கே எழுதிவிடுகிறேன். இதில் என் பெருமை ஒன்றும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நான் நாவலப்பிட்டிக்காரன். பத்தொன்பது வயதில் மின்கம்பம் ஏறும் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் ஐந்து வருடங்கள் குழி தோண்டினேன், கம்பி இழுத்தேன், அட்டைக் கடி வாங்கினேன். அதற்கு மேல் அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது விமலதாச மாத்தயாவைப் பற்றி; மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. அவர்தான் எங்கள் அத்தியட்சகர். ஒல்லியான ஆள். முழுக்கைச் சட்டையை வெயிலிலும் மணிக்கட்டுவரை பொத்தான் போட்டிருப்பார். ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. அவருக்குக் கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார், அதுதான் எங்களுக்குப் பயம்.

அவரிடம் சில பிடிவாதங்கள் இருந்தன. லைனில் வேலை என்றால் மின்சாரத்தை நிறுத்த டிரான்ஸ்போமரில் பியூஸ்களைக் கழற்றுவோம். கை அளவு பீங்கான் கட்டைகள் அவை, மொத்தம் மூன்று. கழற்றியதை வேறு யாரும் வாங்கக்கூடாது. அவரே வாங்கித் தன் தோள்பையில் போட்டுக்கொள்வார். மேலே ஏறியவன் கீழே இறங்கும்வரை அந்தப் பை அவர் தோளைவிட்டு இறங்காது. "ஏறு என்று சொல்கிறவன்தான் சுமக்க வேண்டும்" என்பார் சிங்களத்தில்.

அடுத்தது சங்கிலி. கம்பிகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி நிலத்தோடு இணைக்கும் செப்புச் சங்கிலி. தப்பித்தவறி மின்சாரம் வந்தாலும் அது சங்கிலி வழியே மண்ணுக்குப் போகும், ஆள்மேல் பாயாது. இந்தச் சங்கிலியை வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் போடச் சொல்வார். மின்சாரம் வரும் பக்கம் போடுவது சரி. லைன் முடிகிற வால் பக்கம் எதற்கு? அங்கிருந்து என்ன வரப்போகிறது? எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம். ஒரே ஒரு முறை காரணம் சொன்னார். அவர் இளவயதில், லைனை நிறுத்தி வேலை செய்துகொண்டிருந்தபோது, ஒரு தோட்டத்துத் தொழிற்சாலையில் ஜெனரேட்டரை ஓடவிட்டிருக்கிறார்கள். அந்த மின்சாரம் வால் பக்கமாக ஏறி வந்திருக்கிறது. "பியசேனவின் பூட்ஸை நான்தான் அவன் வீட்டுக்குக் கொண்டுபோனேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

இன்னொன்றும் உண்டு. கீழே இருப்பவர் ஏணியில் தட்டினால், மேலே இருப்பவன் ஏன் என்று கேட்காமல் இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். காற்றிலும் மழையிலும் குரல் கேட்காது, ஆனால் ஏணி அதிர்வது காலுக்குத் தெரியும். வேலை தொடங்குமுன் இதையெல்லாம் சொல்லி, "ஹரித?" என்று மூன்று தடவை கேட்பார். சரியா, சரியா, சரியா. மூன்றுக்கும் பதில் வந்தால்தான் ஏறலாம்.

காலம் ஓடியது. நானும் அத்தியட்சகராகி கலகெதரப் பக்கம் பொறுப்பெடுத்தேன். என் குழுவில் மூத்த லைன்மேன் செல்வராஜ். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். பேச்சு குறைவு, வேலை சுத்தம். நான் "லைன் செத்திருச்சு, ஏறலாம்" என்றால் மறுபேச்சில்லாமல் ஏறுவார். பியூஸ் பையை நான் விடவில்லை. ஏணித் தட்டலையும் விடவில்லை. ஆனால் இரண்டாவது சங்கிலி கொஞ்சம் கொஞ்சமாக வேனிலேயே தங்கிவிட்டது. ஒரு மழை நாளில் தலைக்குமேல் வேலை, எல்லாப் பக்கத்திலிருந்தும் தொலைபேசி அலறும். வால் பக்கச் சங்கிலிக்கு எங்கே நேரம்? யாரும் அதை நிறுத்தச் சொல்லவில்லை, தானாக நின்றது. நானும் கண்டுகொள்ளவில்லை.

இனி ஹாஜியார் வீட்டுக்கு வருகிறேன். கலகெதரயில் இரும்புக்கடை வைத்திருந்து, கடையை மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்தவர். மேட்டில் வீடு, கூரை நிறைய சோலார் தகடுகள். அவர் மனைவிக்கு நுரையீரல் நோய். காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்துக் கொடுக்கும் மின் இயந்திரம் இரவு பகலாக ஓட வேண்டும். மின்சாரம் போனால் சிலிண்டருக்கு மாற்றுவார்கள்.

பலருக்கு இன்றும் விளங்காத விஷயம் ஒன்று உண்டு. கூரையில் சோலார் இருந்தாலும், லைனில் மின்சாரம் போனால் அந்த வீடும் இருளும். வெயில் கொளுத்தினாலும் அப்படித்தான். லைனில் மின்சாரம் இல்லையென்று கண்டதும் சோலார் இன்வேர்ட்டர் தானாக நின்றுவிடும்படி செய்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் அது லைனுக்குள் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும், கம்பத்தில் இருப்பவன் கதி அதோகதி. இதை ஹாஜியாருக்குச் சொன்னபோது, "அப்ப என்னத்துக்கு சேர் இவ்வளவு தகடு? வெயிலுக்கு நெழலா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குத்தான் பெட்டரியும் புது இன்வேர்ட்டரும். லைனில் மின்சாரம் போனதும் புது இன்வேர்ட்டர் வீட்டை லைனிலிருந்து துண்டித்துவிட்டு, பெட்டரியிலிருந்து வீட்டுக்கு மட்டும் கொடுக்கும். ஒழுங்காகப் பொருத்தினால்.

தனியாள் ஒருவர் வந்து பொருத்திவிட்டுப் போயிருந்தார். பரிசோதிக்க நான் போனேன். மீட்டரும் மெயின் சுவிட்சும் வெளி விறாந்தையில். வீட்டு வயர்களெல்லாம் வந்து சேரும் டி.பி. பெட்டி உள்ளறைச் சுவரில். அந்த அறையில்தான் ஹாஜியாரின் மனைவி படுத்திருந்தார். கதவில் திரை தொங்கியது, உள்ளே இயந்திரம் மூச்சு விடும் சத்தம்.

"உள்ளுக்கு வாங்க சேர், பாருங்க" என்றார் ஹாஜியார்.

"இல்ல, அவங்க தூங்கட்டும். வெளியிலிருந்தே பார்த்துறலாம்."

சுகமில்லாத பெண் படுத்திருக்கும் அறைக்குள் ஸ்க்ரூ டிரைவரோடு நுழைவதாவது? நான் மரியாதை தெரிந்தவன் என்று எனக்குள் ஒரு நினைப்பு. விறாந்தையில் நின்றபடியே மெயின் சுவிட்சை இறக்கினேன். சோலார் நின்றது. ஒரு நொடியில் பெட்டரி ஏற்றுக்கொண்டது. உள்ளே இயந்திரச் சத்தம் ஒரு முறை தடுமாறிவிட்டுத் தொடர்ந்தது. ஹாஜியார் "அல்ஹம்துலில்லாஹ்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. மேலேற்றினேன், மறுபடி இறக்கினேன், எல்லாம் பிசகில்லாமல் வேலை செய்தது. இஞ்சிப் பிளேன்டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

நான் செய்த மடத்தனம் புரிகிறதா? மின்சாரம் போவது மாதிரிச் செய்து பார்க்கத்தான் மெயினை இறக்கினேன். ஆனால் மெயினை இறக்கினால் வீடு லைனிலிருந்து துண்டிக்கப்படுகிறது. துண்டிக்க வேண்டியது இன்வேர்ட்டரின் வேலை. அதை என் கையாலேயே செய்துகொடுத்துவிட்டு, இன்வேர்ட்டர் பாஸ் என்று எழுதினேன். உண்மையில் மின்சாரம் போகும்போது மெயினை யார் இறக்குகிறார்கள்? அது மேலேயேதான் இருக்கும்.

இரண்டு மாதத்தில் ஹாஜியார் தொலைபேசியில் கூப்பிட்டார். "சேர், ஒரு வெளங்காத்தனம். கரண்ட் போனா பெட்டரி ஒரு செக்கன் வருது, பொறகு நின்டு போகுது. நா மெயின எறக்கிட்டு இன்வேர்ட்டர திரும்ப ஓன் பண்ணினா நல்லா வேல செய்யிது."

கவனித்துக் கேட்டிருந்தால் அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாமே இருந்தது. நான் ஏதோ அவசரத்தில் இருந்தேன். "லோட் கூடவா இருக்கும் ஹாஜியார். பிரிட்ஜை நிறுத்திப் பாருங்க" என்று வைத்துவிட்டேன்.

பிறகு வந்தது அந்தப் பிற்பகல். நான் ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. இரண்டு மணிக்குக் கொட்டிய மழை மூன்றரைக்குத்தான் சற்று விட்டது. வானம் மட்டும் வெளுக்கவில்லை, அந்திபோல் மங்கிக் கிடந்தது. ஹாஜியார் வீட்டுப் பாதை தொடங்கும் முடக்கில் பலாக்கிளை ஒன்று முறிந்து விழுந்திருந்தது. அந்தப் பாதைக்கு மெயின் லைனிலிருந்து இரண்டே கம்பிகள் பிரிந்து போகின்றன. அவை முடியும் இடத்தில் இரண்டு வீடுகள்தான். கிளை விழுந்த வேகத்தில், அந்தக் கம்பியை மெயின் லைனோடு இணைக்கும் துண்டு வயர் கம்பத்தின் உச்சியிலேயே பிய்ந்துவிட்டது. கம்பிகள் அறவில்லை, அப்படியே இருந்தன. அரைமணி நேர வேலை.

டிரான்ஸ்போமரில் பியூஸ் மூன்றையும் கழற்றி என் பையில் போட்டேன். மெயின் லைனைச் சோதித்தோம், மின்சாரம் இல்லை. அந்தப் பக்கம் சங்கிலியும் போட்டாயிற்று. பாதைப் பக்கக் கம்பி ஏற்கனவே மெயின் லைனிலிருந்து கழன்று தனியாக நிற்கிறது. அதை எதற்குச் சோதிக்க?

"லைன் செத்திருச்சு, ஏறலாம்" என்றேன். செல்வராஜ் மர ஏணியில் ஏறினார். உச்சியில் பெல்ட்டைக் கம்பத்தோடு சுற்றிக் கொழுவினார். தோல் கையுறை நனைந்து வழுக்கியது, கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். பக்கத்து ஓடை பெருக்கெடுத்து இரைந்துகொண்டிருந்தது.

நான் சும்மா பாதையை நிமிர்ந்து பார்த்தேன். ஹாஜியார் வீட்டுக்கு இப்பால் இருந்த வீட்டுக் கேட்டில் ஒரு மஞ்சள் பல்ப் எரிந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் ஆள் இல்லை. சொந்தக்காரர் கட்டாரில். வீட்டில் யாரோ இருப்பதுபோல் தெரியட்டுமென்று அந்த பல்பைப் போட்டபடியே விட்டுப் போயிருந்தார். பகலில் யார் கண்ணிலும் படாது. அன்று மங்கலில் பளிச்சென்று தெரிந்தது.

அழகாக எரிகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த நொடி மண்டையில் உறைத்தது. பியூஸ் மூன்றும் என் பையில். அந்த வீட்டில் சோலார் இல்லை, பெட்டரி இல்லை, ஜெனரேட்டர் இல்லை. அந்த பல்ப் எரிய வேண்டுமானால் மின்சாரம் கம்பி வழியாக மட்டுமே வரலாம். செல்வராஜ் பிடிக்கப்போகும் கம்பி வழியாக.

"செல்வராஜ்! கை! கை!" என்று கத்தினேன். ஓடை இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் இடது கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையை நீட்டிக்கொண்டிருந்தார். ஏணியில் தட்ட கையில் ஒன்றுமில்லை. ஸ்பேனர் வேனில் கிடந்தது. பைக்குள் கையை விட்டேன், பியூஸ் கட்டை அகப்பட்டது. அதைக் கொண்டு ஏணியில் ஓங்கி அடித்தேன். இரண்டாவது அடியில் பீங்கான் உடைந்து என் உள்ளங்கையைக் கிழித்தது. அடித்துக்கொண்டே இருந்தேன்.

மேலே பார்த்தபோது செல்வராஜ் இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, பெல்ட்டில் சாய்ந்து, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்கவில்லை. நான் கேட் விளக்கைக் காட்டினேன். அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து டெஸ்டரை எடுத்துப் பாதைப் பக்கக் கம்பியில் வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் விரல் இருந்த இடத்துக்கும் அந்தக் கம்பிக்கும் ஒரு சாண் இருக்கும்.

இறங்கி வந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "உசுரோட இருக்கு சார்."

உள்ளங்கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு மேட்டில் ஏறினேன். ஏறும்போதே எல்லாம் விளங்கிவிட்டது. வழக்கமாக மின்சாரம் போனால் ஊர் முழுவதும் அந்தக் கம்பியில் தொங்கும், அத்தனை வீட்டையும் சுமக்க முடியாமல் ஹாஜியாரின் பெட்டரி ஒரு நொடியில் விழுந்துவிடும். அவர் தொலைபேசியில் சொன்னது அதைத்தான். இன்று துண்டு வயர் பிய்ந்ததால் ஊர் கழன்றுவிட்டது. மிஞ்சியது இவர் வீடும் ஒரு பல்பும். பெட்டரிக்கு அது பெரிய சுமையே இல்லை.

ஹாஜியார் விறாந்தையிலேயே சிரித்த முகத்தோடு நின்றார். "வாங்க சேர், வாங்க! இன்டைக்கித்தான் பெட்டரி ஒழுங்கா வேல செஞ்சீக்கி. ஒரு செக்கன் சரி நிக்கல்ல. மெயின தொடவும் இல்ல."

நான் மெயின் சுவிட்சை இறக்கினேன். வீட்டுக்குள் இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. கீழே கேட் விளக்கு அணைந்தது.

"உள்ளே போகணும் ஹாஜியார்" என்றேன். திரையை விலக்கினார். அவர் மனைவி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், மூக்கில் குழாய். நான் கைக்குட்டை சுற்றிய கையோடு டி.பி. பெட்டியின் மூடியைக் கழற்றினேன். நான்கு திருகாணிகள், இரண்டு நிமிட வேலை. உள்ளே பார்த்ததும் தெரிந்தது. பெட்டரியிலிருந்து வரும் கேபிளைத் தனிப் பெட்டிக்குக் கொண்டுபோகாமல், லைன் வந்து சேரும் அதே இடத்தில் முறுக்கி விட்டிருந்தார் பொருத்தியவர். இன்வேர்ட்டர் லைனை உள்ளே துண்டித்தாலும், அது கொடுக்கும் மின்சாரம் இந்தக் கேபிளால் சுற்றி வந்து மெயின் வழியாக வெளியே போய்விடும்.

ஹாஜியாருக்கு விளக்கினேன். இரும்புக்கடைக்காரர், சட்டென்று பிடித்துக்கொண்டார். கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "யா அல்லாஹ். எங்கட வூட்டு கரண்டுல ஒரு மனிசன் மவுத்தாகப் பாத்தீக்கி."

"உங்க மேல தப்பில்ல. நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டது."

அவர் மனைவி தலையணையிலிருந்து நிமிர்ந்தார். மூச்சு வாங்கி வாங்கி, கோபமில்லாமல் சொன்னார். "அன்டைக்கே... உள்ளுக்கு வந்தீக்கலாமே சேர். நா முழிச்சித்தான் ஈந்த."

முப்பத்தேழு வருட வேலையில் எத்தனையோ பேரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். அதுபோல ஒன்றும் என்னைச் சுட்டதில்லை.

கீழே வந்தேன். செல்வராஜ் வேன் படியில் உட்கார்ந்திருந்தார். "யாரு சார் இந்த வீட்டைப் பாஸ் பண்ணினது?" என்று கேட்டார். பொருத்தியவரின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"நான்தான்."

"மெயினை இறக்கியா பார்த்தீங்க?"

"ஆமா."

செல்வராஜுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கு அந்த வருடம் ஏ.எல். பரீட்சை. "வேலைய முடிப்போம் சார்" என்று எழுந்தார். வேனிலிருந்து இரண்டாவது சங்கிலியையும் தானே எடுத்தார்.

அலுவலகத்துக்கு என் பெயரிலேயே அறிக்கை எழுதிக் கொடுத்தேன். விசாரணை நடந்தது, எச்சரிக்கைக் கடிதம் வந்தது, வாங்கிக்கொண்டேன். ஹாஜியார் வீட்டில் பெட்டரிக்குத் தனிப் பெட்டி போட்டு, அந்தக் கேபிளைப் பிரித்து எடுத்தோம். அதிலிருந்து ஓய்வுபெறும்வரை, பெட்டரி சேர்த்த எந்த வீட்டிலும் நான் மெயினை இறக்கிச் சோதிக்கவில்லை. வீட்டு மெயின் மேலேயே இருக்கும். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரைக் கம்பத்தில் கழற்றிவிட்டு, வீட்டுப் பக்கமிருந்து அந்த வயரில் ஏதாவது திரும்பி வருகிறதா என்று அளப்பேன். டி.பி. மூடியைத் திறப்பேன், அது எந்த அறையில் இருந்தாலும். இதைத்தான் புது அத்தியட்சகரிடம் அன்று அரைகுறையாகச் சொன்னேன். அவர் மறுநாள் அப்படியே போய்ப் பார்த்திருக்கிறார். அந்த வீட்டில் ஒரு தவறும் இல்லையாம். நல்லது.

செல்வராஜைப் பற்றி மட்டும் பாக்கி இருக்கிறது. அவர் அந்த நாளைப் பற்றி அதன்பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. என்மீது முகம் கோணவில்லை. ஆனால் நான் "லைன் செத்திருச்சு, ஏறலாம்" என்று சொன்னால், "சரிங்க சார்" என்பார், ஏறுவார், உச்சியில் என் கண் முன்னாலேயே டெஸ்டரை எடுத்து இரண்டு பக்கமும் வைத்துப் பார்ப்பார். எட்டு மாதமும் அப்படித்தான். என் சொல்லை நம்பிக் கை வைத்த மனிதர் இனி வைக்கமாட்டார் என்பது எனக்கு முதலில் மிகவும் வலித்தது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று பிறகு தெரிந்தது. வலி மட்டும் போகவில்லை.

என் கடைசி வேலை நாளில் ஒரு சின்ன வேலை, கம்பி இறுக்குவது. செல்வராஜ் ஏறினார், சங்கிலிகளைப் போட்டார், சோதித்தார். கீழே நின்ற நான் விமலதாச மாத்தயா மாதிரி "ஹரித?" என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் மேலிருந்து குனிந்து கேட்டார்.

"பியூஸ் பையில இருக்கா சார்?"

நான் பையைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தூக்கிக் காட்டினேன். மூன்றையும் எண்ணிப் பார்த்துவிட்டு, அவர் கம்பியில் கை வைத்தார்.